ஒரே மெயிலுக்குக் காலையில் 0.8, கையால் ஓட்டினால் 5.4: ஸ்பேம் ஸ்கோர் ஏன் தடுமாறுகிறது?

மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒருவரின் கேள்வி இதுதான். பதினைந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகம், வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றில் சொந்த மெயில் சர்வர். இயங்குதளம் டெபியன், மெயிலை வாங்கி அனுப்பப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் காட்ட டவ்காட், ஸ்பேமைக் கண்டுபிடிக்க ஸ்பேம்அசாசின் என்ற வழக்கமான கூட்டணி. கடன் தருகிறோம் என்று ஒரே வாசகத்தோடு திரும்பத் திரும்ப வரும் விளம்பர மெயிலுக்குக் காலையில் 0.8 விழுகிறது, மாலையில் 2.5. அதே மெயிலை ரூட்டாக (சர்வரின் தலைமை நிர்வாகிக் கணக்கில்) உள்ளே போய்க் கையால் ஓட்டினால் 5.4. வெறுத்துப்போய், ஸ்பேம் என்று முடிவு செய்யும் வரம்பை 5-லிருந்து 3-க்கு இறக்கினால் வாடிக்கையாளர் அனுப்பிய இன்வாய்ஸ் ஸ்பேம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் இதே நிலைக்குத்தான் வந்து சேர்வீர்கள், ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் மென்பொருளுக்கு வெளியே இருக்கிறது. முதல் வேலையாக வரம்பை 5-க்கே திருப்பிவிடுங்கள். ஸ்பேம்அசாசினில் ஒவ்வொரு விதிக்கும் உள்ள எண், மொத்தம் 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்ற கணக்கை வைத்து, பெரிய மெயில் தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்து நிர்ணயித்தது. கணக்கின் ஒரு பக்கம் உடைந்திருக்கும்போது வரம்பை நகர்த்தினால், உடையாத பக்கத்தில் இருக்கும் நல்ல மெயில்தான் அடிபடும். இன்வாய்ஸுக்கு நடந்தது அதுதான்.

ஒரு மெயிலின் ஸ்கோர் அந்த மெயிலை மட்டும் பார்த்து வருவதில்லை. எந்த யூசர் பெயரில் சோதனை ஓடியது, அந்த யூசரின் பேயஸ் (பழைய மெயில்களைப் படித்து ஸ்பேமின் நிகழ்தகவைக் கணிக்கும் பகுதி) தரவில் என்ன இருக்கிறது, டிஎன்எஸ் (பெயரைக் கொண்டு முகவரி தேடும் இணைய வசதி) அந்த நொடியில் என்ன பதில் சொன்னது, அனுப்பியவரின் பழைய வரலாறு என்ன, மெயில் எந்த வழியாக உள்ளே வந்தது, இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த எண். அதனால் எண்ணை எண்ணோடு ஒப்பிட்டுப் பயனில்லை. மெயிலின் தலைப்பகுதியான ஹெடரில், எக்ஸ்-ஸ்பேம்-ஸ்டேட்டஸ் என்ற வரியில், எந்தெந்த விதிகள் பிடித்தன என்ற பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத விதி எதுவோ அதுதான் குற்றவாளியின் முகவரி.

நீங்கள் சொன்ன மூன்று எண்களை இப்படி வைத்துப் பார்க்கலாம்:

காலை, சர்வர் போட்டது, 0.8: பேயஸ்_50, எச்டிஎம்எல்_மெசேஜ், எஸ்பிஎஃப்_பாஸ், யூஆர்ஐபிஎல்_பிளாக்ட், ஆட்டோலேர்ன்=ஹாம்

மாலை, சர்வர் போட்டது, 2.5: பேயஸ்_50, எச்டிஎம்எல்_மெசேஜ், எஸ்பிஎஃப்_பாஸ், யூஆர்ஐபிஎல்_பிளாக், ஆட்டோலேர்ன்=நோ

ரூட்டாகக் கையால் ஓட்டியது, 5.4: பேயஸ்_99, பேயஸ்_999, எச்டிஎம்எல்_மெசேஜ், எஸ்பிஎஃப்_பாஸ், யூஆர்ஐபிஎல்_பிளாக்

எச்டிஎம்எல்_மெசேஜும் எஸ்பிஎஃப்_பாஸும் (அனுப்பிய சர்வருக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டு என்பது) ஆளுக்கு 0.001 அளவுக்குத்தான், விட்டுவிடுங்கள். காலைக்கும் மாலைக்கும் நடுவே மாறியது டிஎன்எஸ் பதில் ஒன்று மட்டும். யூஆர்ஐபிஎல்_பிளாக் விதிக்கு 1.7, அது சேர்ந்ததும் 0.8 என்பது 2.5 ஆகிவிட்டது. மாலைக்கும் ரூட்டுக்கும் நடுவே மாறியது பேயஸ். பேயஸ்_50-க்கு 0.8, பேயஸ்_99-க்கு 3.5, அதோடு பேயஸ்_999-க்கு 0.2. கணக்கு நேராகிவிட்டது. ஆக இங்கே இரண்டு தனித்தனிக் கோளாறுகள். மூன்றாவதும் ஒன்று உண்டு, அது காலை வரியின் கடைசிச் சொல்லில் இருக்கிறது.

முதலில் டிஎன்எஸ். சின்ன சர்வர்களில் நான் பார்த்த ஸ்கோர் குழப்பங்களில் பெரும்பான்மை இங்கேதான் தொடங்குகிறது. மெயிலுக்குள் இருக்கும் லிங்க்கின் டொமைன் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, அனுப்பிய ஐபி இருக்கிறதா என்று ஸ்பேம்அசாசின் யூஆர்ஐபிஎல், ஸ்பேம்ஹவுஸ் போன்றவர்களிடம் டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறது. குறைந்த அளவில் கேட்பவர்களுக்கு அவர்கள் இலவசமாகப் பதில் தருகிறார்கள். ஆனால் கேட்பது யார் என்று அவர்களுக்குத் தெரிவது உங்கள் சர்வரின் ஐபி அல்ல, உங்களுக்காகக் கேட்கும் ரிசால்வரின் ஐபி. கூகுளின் 8.8.8.8-ஐயோ கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1-ஐயோ வைத்திருந்தால், உலகத்தில் பாதிப் பேர் கேட்கும் அதே வாசலில் நின்று நீங்களும் கேட்கிறீர்கள். அவர்கள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். விபிஎஸ் நிறுவனம் தரும் ரிசால்வரும் இப்படித்தான். அக்கம்பக்கத்து வாடகைதாரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கேட்பதால் ஒரு நேரம் அளவுக்குள் இருக்கும், ஒரு நேரம் தாண்டிவிடும். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகப் பதில் வருவதற்குக் காரணம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு.

இதில் சிக்கல் என்னவென்றால், தடுக்கப்பட்டது வெளியே தெரியாது. எரர் வராது. யூஆர்ஐபிஎல்_பிளாக்ட் என்ற விதி 0.001 மதிப்போடு பட்டியலின் ஓரத்தில் நிற்கும், அவ்வளவுதான். பெயரைப் பார்த்து 'ஸ்பேம் தடுக்கப்பட்டது' என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. தடுக்கப்பட்டது நீங்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. இந்தப் பட்டியல்களில் 127.0.0.2 என்பது எப்போதும் பட்டியலில் இருக்கும்படி வைத்த சோதனை முகவரி. டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் டிக் கட்டளையில், எண்களைத் திருப்பி, 2.0.0.127 என்று எழுதி அதன் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஜென்.ஸ்பேம்ஹவுஸ்.ஆர்க் என்ற பெயரை ஒட்டிக் கேளுங்கள். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று பதில் வந்தால் நலம். 127.255.255.254 என்று வந்தால் பொது ரிசால்வர் என்று உங்களைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். 127.255.255.255 வந்தால் அளவுக்கு மீறிக் கேட்டிருக்கிறீர்கள். யூஆர்ஐபிஎல் பக்கம் 127.0.0.1 வந்தால் மறுப்பு என்று பொருள். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஒரு முறை நல்ல பதில் வந்ததை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

மருந்து, அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற சொந்த ரிசால்வரைப் போட்டுக்கொள்வது. அன்பவுண்ட் தானே ரூட் சர்வரிலிருந்து தொடங்கி நேரடியாகக் கேட்க வேண்டும். ஃபார்வர்ட் ஜோன் என்று போட்டு மறுபடி 8.8.8.8-க்கே அனுப்பினால் வந்த வழியே திரும்பிப் போனதுதான். இன்னொரு கண்ணி: உபுண்டு போன்றவற்றில் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் 127.0.0.53 என்று இருக்கும். பார்க்க லோக்கல் மாதிரி தெரிந்தாலும் அது சிஸ்டம்டி-ரிசால்வ்டி. விபிஎஸ் நிறுவனத்தின் ரிசால்வருக்குத்தான் கேள்வியைக் கடத்திவிடும். அந்தக் கோப்பை மாற்றினாலும் டிஹெச்சிபி (நெட்வொர்க் அமைப்பைத் தானாகத் தரும் வசதி) வந்து பழையபடி எழுதிவிடும் சர்வர்களில், ஸ்பேம்அசாசினின் லோக்கல்.சிஎஃப் கோப்பிலேயே டிஎன்எஸ்_சர்வர் என்ற வரியில் 127.0.0.1 கொடுத்துவிடலாம். மற்ற நிரல்கள் எதையாவது கேட்டுக்கொண்டு போகட்டும், இது மட்டும் அன்பவுண்டைக் கேட்கும்.

இதற்குப் பிறகும் ஸ்பேம்ஹவுஸ் 254 சொன்னால் உங்கள் ஐபியின் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை, அதாவது அந்த ஐபிக்குப் பதிவான பெயரைப் பாருங்கள். நிறுவனம் தானாக வைத்த, எண்கள் நிரம்பிய பொதுப் பெயராக இருந்தால் யார் கேட்கிறார்கள் என்று அடையாளம் தெரியாத கணக்கில் சேர்த்துவிடுவார்கள். மெயில் சர்வருக்கு எப்படியும் ஒழுங்கான பிடிஆர் (அந்தப் பெயரைச் சொல்லும் பதிவு) வேண்டும், அதைச் செய்துவிடுங்கள்.

பதில் தாமதமானாலும் ஸ்கோர் ஆடும். பதிலுக்குக் காத்திருக்கும் எல்லையான ஆர்பிஎல்_டைம்அவுட் இயல்பாக 15 நொடி. எல்லாக் கேள்விகளையும் முதலிலேயே அனுப்பிவிட்டு, பெரும்பாலான பதில்கள் வந்ததும் மிச்சத்துக்குக் காத்திருக்கும் நேரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெதுவாகப் பதில் சொல்லும் பட்டியல் ஒன்று இருந்தால் ஒரு நேரம் கணக்கில் சேரும், ஒரு நேரம் விட்டுப்போகும். அன்பவுண்டின் கேஷ் இதையும் பெருமளவு சரிசெய்கிறது.

இப்போது பேயஸ். ரூட்டாக ஓட்டினால் 99, சர்வர் ஓட்டினால் 50 என்றால் இரண்டும் வெவ்வேறு தரவுத்தளங்களைப் பார்க்கின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பேயஸ்_பாத் என்று தனியாகச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு யூசரின் ஹோம் டைரக்டரியிலும் .ஸ்பேம்அசாசின் என்ற மறைவான ஃபோல்டருக்குள் பேயஸ்_டோக்ஸ், பேயஸ்_சீன் என்ற கோப்புகள் தனித்தனியாக உருவாகும். நீங்கள் எஸ்ஏ-லேர்னை (ஸ்பேம் எது, நல்லது எது என்று பேயஸுக்குச் சொல்லிக்கொடுக்கும் கட்டளை) ரூட்டாக ஓட்டி மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் ரூட்டின் வீட்டில் இருக்கிறது. மெயில் வரும்போது சோதிப்பது டெபியன்-ஸ்பேம்டி என்ற கணக்கு. அதற்கு அந்தப் பாடம் எதுவும் போய்ச் சேரவில்லை.

எஸ்ஏ-லேர்னை டம்ப் மேஜிக் வசதியோடு ஒரு தடவை ரூட்டாகவும், ஒரு தடவை சூடூ மூலம் டெபியன்-ஸ்பேம்டி ஆகவும் ஓட்டுங்கள். என்-ஸ்பேம், என்-ஹாம் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். ரூட்டில் ஸ்பேம் 640, நல்லது 410 என்றும், மற்றதில் ஸ்பேம் 212, நல்லது 3900 என்றும் வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். டவ்காட்டில் விர்ச்சுவல் யூசர்கள் இருந்தால் விமெயில் என்ற கணக்கின் பெயரில் மூன்றாவது ஒன்றும் கிடக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் ஸ்பேம்சி-யை (மெயிலைச் சோதனைக்கு அனுப்பும் நிரல்) எந்த யூசராக அழைக்கிறீர்கள் என்று சரிபார்த்துவிடுங்கள். ரூட்டாக அழைத்திருந்தால், பின்னணியில் ஓடிச் சோதிக்கும் ஸ்பேம்டி அதை ஏற்காமல் நோபடி என்ற யூசருக்கு இறங்கிவிடும், லாகில் 'ஃபாலிங் பேக் டு நோபடி' என்று எழுதியும் வைக்கும். நோபடிக்கு எழுதக்கூடிய வீடே கிடையாது, ஆகவே பேயஸும் கிடையாது.

பேயஸ் இருக்கிறதா இல்லையா என்பது பேயஸ் விதியை மட்டும் பாதிப்பதோடு நிற்பதில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்பேம்அசாசின் விதிகள் பலவற்றுக்கு நான்கு எண்கள் உண்டு: பேயஸும் நெட்வொர்க்கும் இல்லாதபோது ஒன்று, நெட்வொர்க் மட்டும் இருந்தால் ஒன்று, பேயஸ் மட்டும் இருந்தால் ஒன்று, இரண்டும் இருந்தால் ஒன்று. அனுப்பிய ஐபி ஸ்பேம்ஹவுஸின் எஸ்பிஎல் பட்டியலில் இருந்தால் பேயஸ் இல்லாத சர்வரில் ஏறக்குறைய 2.6 விழும். பேயஸ் வேலை செய்யும் சர்வரில் அதே விதிக்கு 0.1 சொச்சம்தான். பேயஸ் வேலை செய்யத் தொடங்க ஸ்பேம் 200, நல்லது 200 படித்திருக்க வேண்டும். புது சர்வரில் அந்த இருநூறாவது மெயிலைத் தாண்டிய நாளில் ஸ்கோர்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாக மாறும். யாரும் எதையும் தொடவில்லையே, நேற்று ராத்திரி என்ன ஆச்சு என்று நிர்வாகி தலையைச் சொறிவது அப்போதுதான்.

சரி, காலை வரியின் கடைசிச் சொல்லுக்கு வருவோம். ஆட்டோலேர்ன்=ஹாம். அந்தக் கடன் விளம்பரத்தை நல்ல மெயில் என்று சர்வர் தானாகவே படித்துக்கொண்டது. தானாகப் படிக்கும் வசதிக்கு இரண்டு எல்லைகள்: 0.1-க்குக் கீழே இருந்தால் நல்லது, 12-ஐத் தொட்டால் ஸ்பேம். இந்தக் கணக்கில் பேயஸ் தரும் மதிப்பைச் சேர்க்காமல், பேயஸ் இல்லாத வரிசை எண்களை எடுத்துத்தான் கூட்டும். காலையில் அந்தக் கணக்கு 0.001. எல்லைக்குக் கீழே, ஆகவே ஹாம். மாலையில் 1.7, ஆகவே ஒன்றும் செய்யவில்லை. ஹெடரில் 14 என்று இருந்தும் ஆட்டோலேர்ன்=நோ என்று வருவதற்கும் இதே காரணம்தான். அதோடு ஸ்பேம் என்று தானாகப் படிக்க ஹெடரிலிருந்து 3 புள்ளி, உடலிலிருந்து 3 புள்ளி என்ற நிபந்தனை வேறு இருக்கிறது. ஸ்பேம் பக்கம் வாசல் குறுகல், ஹாம் பக்கம் அகலம்.

இப்போது முழுப் படமும் தெரிகிறது. டிஎன்எஸ் தடுக்கப்பட்ட நேரத்தில் வரும் ஸ்பேமுக்கு ஸ்கோர் குறைவு. குறைவாக இருப்பதால் நல்லது என்று படிக்கப்படுகிறது. படித்ததால் பேயஸ் 50-க்கு வந்துவிட்டது. இப்படியே விட்டால் இன்னும் சில வாரத்தில் பேயஸ்_00 ஆகும், அதற்கு மைனஸ் 1.9. அப்புறம் டிஎன்எஸ் ஒழுங்காகப் பதில் சொன்னாலும், 1.7 வந்து சேர்ந்தாலும், மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழேதான். என்-ஹாம் எண்ணிக்கை என்-ஸ்பேமைவிடப் பல மடங்கு வீங்கியிருப்பது இந்த நோயின் அறிகுறி.

அதனால் வரிசை முக்கியம். டிஎன்எஸ்ஸைச் சரிசெய்யாமல் பேயஸைச் சுத்தம் செய்தால் மறுபடி அழுக்கு சேரும். டிஎன்எஸ் முடிந்ததும் பேயஸ்_ஆட்டோ_லேர்னை 0 ஆக்கிவிடுங்கள். பதினைந்து பேர் உள்ள சர்வருக்குத் தானாகப் படிப்பது தேவையே இல்லை என்பது என் கருத்து. கையால் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத்தான் மெயில் இருக்கும். லோக்கல்.சிஎஃப்-இல் பேயஸ்_பாத் கொடுத்து எல்லோருக்கும் ஒரே தரவுத்தளமாக்குங்கள். இந்த வரியில் டைரக்டரியை மட்டும் கொடுத்து நிறுத்தக் கூடாது. கடைசிச் சொல் கோப்புப் பெயரின் முன்பகுதியாக எடுத்துக்கொள்ளப்படும், ஆகவே டைரக்டரிக்குப் பிறகு ஒரு சாய்கோடு போட்டு பேயஸ் என்று முடியுங்கள். டைரக்டரி டெபியன்-ஸ்பேம்டி-க்குச் சொந்தமாக இருக்கட்டும். இனி எஸ்ஏ-லேர்னை எப்போதும் அந்த யூசராகவே ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் கோப்புகள் ரூட்டின் பெயருக்கு மாறி, சர்வரால் எழுத முடியாமல் போகும்.

பிறகு பழைய தரவை எஸ்ஏ-லேர்னின் கிளியர் வசதியால் துடைத்துவிட்டு, நாலைந்து பேருடைய இன்பாக்ஸிலிருந்தும் ஜங்க் ஃபோல்டரிலிருந்தும் மெயில்களை எடுத்துப் படிக்கவையுங்கள். இரண்டு பக்கமும் இருநூறுக்கு மேல். இன்பாக்ஸில் கவனிக்காமல் கிடக்கும் ஸ்பேமை முதலில் அகற்றிவிட்டுச் செய்யுங்கள். ஸ்பேம் வந்தால் இந்த முகவரிக்கு ஃபார்வர்ட் செய்யுங்கள் என்று சொல்லி, வந்ததைப் படிக்கவைக்கும் வழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. ஃபார்வர்ட் செய்த மெயிலில் இருப்பது ஃபார்வர்ட் செய்தவரின் ஹெடர். ஸ்பேமைப் பற்றி அதிகம் புகார் சொல்லும் அக்கவுண்டன்ட்டின் பெயரே ஸ்பேம் அடையாளமாகப் பதிந்துவிடும். டவ்காட்டின் ஐமேப்சீவ் இருந்தால், ஜங்க் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டதும் மூல மெயிலே எஸ்ஏ-லேர்னுக்குப் போகும்படி அமைக்கலாம்.

கையால் சோதிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. ரூட்டாக ஓட்டி 5.4 பார்த்தீர்களே, அந்த மெயிலை ஏற்கெனவே ஸ்பேம் என்று ரூட்டுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் 99 வருவதில் வியப்பில்லை. கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதை. அதோடு காலை 9 மணிக்குப் பட்டியலில் இல்லாத டொமைன் 11 மணிக்குச் சேர்ந்திருக்கலாம். ஸ்பேம் அலை ஒன்றின் முதல் சில மெயில்கள் குறைவாகவும் பிந்தியவை அதிகமாகவும் ஸ்கோர் வாங்குவது இயல்பு. ரேசர், பைசர் போன்ற கூட்டு அடையாளச் சேவைகளிலும் இப்படித்தான், மற்றவர்கள் புகார் செய்யச் செய்ய எண் ஏறும். எனவே நியாயமான சோதனைக்கு, மெயில் கிளையன்டிலிருந்து சேமிக்காமல் மெயில்டிர் ஃபோல்டரில் இருக்கும் கோப்பையே எடுங்கள். டெபியன்-ஸ்பேம்டி ஆக, டீபக் வசதியோடு ஸ்பேம்அசாசின் கட்டளையை ஓட்டுங்கள். உடனே அதே கோப்பை ஸ்பேம்சி வழியாகவும் அனுப்புங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அமைப்பு சரி. ஒத்துப்போகாவிட்டால், காரணம் பெரும்பாலும் இது: கட்டளை ஒவ்வொரு தடவையும் கோப்புகளைப் புதிதாகப் படிக்கிறது, ஸ்பேம்டி தொடங்கியபோது படித்ததையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறது. லோக்கல்.சிஎஃப்-ஐத் திருத்தினாலும் எஸ்ஏ-அப்டேட் புது விதிகள் கொண்டுவந்தாலும் ஸ்பேம்டி-யை ரீஸ்டார்ட் செய்யாமல் அவை அமலுக்கு வராது. ரீஸ்டார்ட்டுக்கு முன் லின்ட் (அமைப்புக் கோப்பில் பிழை தேடும் சோதனை) ஓட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் அமாவிஸ் (மெயிலை வாங்கிச் சோதித்துத் தரும் இன்னொரு இடைநிரல்) இல்லை என்று நினைக்கிறேன். பழைய சர்வரில் யாரோ போட்டுவைத்தது இருந்தால் கதை வேறு. அமாவிஸ் ஸ்பேம்டி-யை அழைக்காது, ஸ்பேம்அசாசினின் பெர்ல் நூலகத்தைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும். அதற்குத் தனி யூசர், தனி வீடு, தனி பேயஸ். லோக்கல்.சிஎஃப்-இல் எழுதும் வரம்பை அது மதிக்காது. டெபியனில் அதன் சொந்த வரம்பு 6.31. ஸ்பேம்டி-யை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. இரண்டும் ஓடும் சர்வரில் ஒரே மெயிலில் இரண்டு ஸ்கோர்கள் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஆள் அனுப்பும் மெயில்களுக்கு மட்டும் ஸ்கோர் விசித்திரமாக ஆடினால் வரலாற்றுப் பதிவைப் பாருங்கள். பட்டியலில் ஏடபிள்யூஎல் அல்லது டிஎக்ஸ்ரெப் என்று இருக்கும். பெயரில் வைட்லிஸ்ட் இருந்தாலும் ஏடபிள்யூஎல் உண்மையில் ஒரு சராசரி போடும் கருவி. அனுப்புநர் முகவரியையும் ஐபியின் முற்பகுதியையும் சேர்த்து நினைவில் வைத்து, புது ஸ்கோரைப் பழைய சராசரியை நோக்கிப் பாதி தூரம் இழுக்கும். ஒருவரின் சராசரி 0.2, இன்று அவர் கணக்கை யாரோ திருடி அனுப்பிய மெயிலுக்கு 8 என்றால், இறுதி எண் 4.1. உள்ளே வந்துவிடும். எதிர்த்திசையிலும் இழுக்கும்: முன்பு ஒருமுறை ஸ்பேம் மாதிரி ஒன்று வந்திருந்தால், அடுத்த நல்ல மெயிலுக்கும் தண்டனை. நீங்கள் கையால் சோதிக்கும் ஒவ்வொரு தடவையும் இந்தச் சராசரியில் சேர்ந்துகொண்டே போகும், ஆகவே ஒரே கோப்பை மூன்று தடவை ஓட்டினால் மூன்று எண்கள் வரலாம். ஏடபிள்யூஎல் 3.3 பதிப்பிலிருந்தே இயல்பாக அணைத்துத்தான் வருகிறது. பழைய அமைப்பை அப்படியே நகலெடுத்து வந்தவர்களிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சின்ன சர்வரில் அணைத்துவிடுவதே நிம்மதி.

அடுத்தது வழி. மெயில் கைமாறி வந்த பாதையை ரிசீவ்டு ஹெடர்களை வைத்து ஸ்பேம்அசாசின் ஊகிக்கிறது. எது நம்முடைய சர்வர், எது வெளியாள் என்று தவறாக ஊகித்தால் எஸ்பிஎஃப்பும் கறுப்புப் பட்டியலும் தப்பான ஐபியின் மேல் ஓடும். சர்வர் நாட் (பல கணினிகளுக்கு ஒரே வெளி ஐபியைத் தரும் அமைப்பு) ஒன்றுக்குப் பின்னால் இருந்தாலோ, பேக்கப் எம்எக்ஸ் (முதன்மை சர்வர் இல்லாதபோது மெயிலை வாங்கிவைக்கும் சர்வர்) ஒன்று வைத்திருந்தாலோ இது நடக்கும். பேக்கப் வழியாக வந்த மெயிலுக்கு ஒரு ஸ்கோர், நேராக வந்ததற்கு வேறு ஸ்கோர் என்று வித்தியாசம் தெரிந்தால், பேக்கப்பின் ஐபியை ட்ரஸ்டட்_நெட்வொர்க்ஸ், இன்டர்னல்_நெட்வொர்க்ஸ் இரண்டிலும் சேருங்கள். ஸ்பேமர்கள் வேண்டுமென்றே பேக்கப் எம்எக்ஸைக் குறிவைத்து அனுப்புவார்கள், அங்கே காவல் குறைவாக இருக்கும் என்று தெரியும். வெளியிலிருந்து வந்த ஸ்பேமில் ஆல்_ட்ரஸ்டட் என்ற விதி மைனஸ் 1-உடன் நின்றால் சந்தேகமே வேண்டாம், ஊகம் தவறு.

உங்கள் அலுவலக ஆட்களே அனுப்பும் மெயில் அலுவலக வைஃபையில் சுத்தமாகப் போய், மொபைல் டேட்டாவில் அனுப்பினால் மட்டும் 3.3 கூடுகிறதா? அது ஸ்பேம்ஹவுஸின் பிபிஎல் விதி. வீட்டு இணைப்பு, மொபைல் போன்ற ஐபிகள் நேரடியாக மெயில் சர்வர் வேலை செய்யக் கூடாது என்பதற்கான பட்டியல் அது. பாஸ்வேர்டு கொடுத்து லாகின் செய்து அனுப்பும் நம் ஆளுக்கு அது பொருந்தக் கூடாது. போஸ்ட்ஃபிக்ஸில் எஸ்எம்டிபிடி_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட்_ஹெடர் என்பதை யெஸ் ஆக்கினால் ஸ்பேம்அசாசினுக்கு விஷயம் புரியும். அதைவிட, நம் ஆட்கள் லாகின் செய்து அனுப்பும் 587 போர்ட்டில் வருவதை இந்தச் சோதனைக்கே அனுப்பாமல் விடுவது எளிது.

ஸ்கோரே இல்லாத மெயிலை 0 என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்பேம்சி இயல்பாக 500 கேபி-க்கு மேற்பட்ட மெயிலைச் சோதிக்காமல் அப்படியே விடும். ஸ்பேம்டி பதில் சொல்லாவிட்டாலும் மெயில் தொலையக் கூடாது என்று சோதிக்காமல் அனுப்பிவிடும். 1 ஜிபி ரேம் உள்ள விபிஎஸ்-இல் காலை நெரிசலில் ஸ்வாப் நிரம்பி இப்படி ஆவது சகஜம். டைம்_லிமிட்_எக்ஸீடட் என்ற விதி தென்பட்டால் பாதியில் நிறுத்திய கூட்டல் என்று பொருள். பேயஸ் தரவிலிருந்து பழைய சொற்களைக் கழிக்கும் வேலை மெயில் சோதனையின் நடுவிலேயே தொடங்கிவிடுவதும் ஒரு காரணம். பேயஸ்_ஆட்டோ_எக்ஸ்பயரை அணைத்துவிட்டு இரவு கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் வசதி) அதைத் தனியாக ஓட்டலாம்.

தமிழில் மெயில் எழுதும் அலுவலகம் என்றால் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். யாருடைய அமைப்பையோ நகலெடுத்திருந்தால் மொழியைக் கண்டுபிடிக்கும் டெக்ஸ்ட்கேட் பிளகின்னும் ஓகே_லாங்வேஜஸ் என்பதில் ஆங்கிலம் மட்டுமும் இருக்கக்கூடும். அப்போது நீளமான தமிழ்க் கடிதத்துக்கு அன்வான்டட்_லாங்வேஜ்_பாடி என்று 2.8 விழும். இரண்டு வரித் தமிழ் மெயிலுக்கு விழாது, ஏனென்றால் மொழியைக் கண்டுபிடிக்க அந்த அளவு போதாது. அனுப்பியவர் ஒருவரே, ஆனால் நீட்டி எழுதினால் ஸ்பேம், சுருக்கி எழுதினால் இல்லை என்ற வேடிக்கை இதனால்தான். தமிழுக்கான குறியீட்டைச் சேர்த்துவிடுங்கள், அல்லது பிளகின்னையே எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரே விளம்பரத்தின் இரண்டு பிரதிகளுக்கு அரைப் புள்ளி, ஒரு புள்ளி வித்தியாசம் இருக்கும். பேயஸ் படிக்கட்டு மாதிரி வேலை செய்கிறது: நிகழ்தகவு 59 சதவீதம் என்றால் 0.8, 61 என்றால் 1.5. ஒவ்வொரு பிரதியிலும் ஸ்பேமர் சில சொற்களை மாற்றுவதால் ஒரு பிரதி இந்தப் படியில், இன்னொன்று அடுத்த படியில் நிற்கும். எஸ்ஏ-அப்டேட் கொண்டுவரும் விதிகளின் எண்களும் அவ்வப்போது மாறுகின்றன. அதைத் துரத்த வேண்டாம். 5-ஐத் தொட்டதை ஜங்க் ஃபோல்டரில் போடுங்கள், வாசலிலேயே திருப்பி அனுப்புவதை 10-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அன்பவுண்டை இன்றைக்கே போட்டுவிட்டு, நாளைக் காலை வரும் அந்தக் கடன் மெயிலின் விதிப் பட்டியலில் யூஆர்ஐபிஎல்_பிளாக்ட் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.